மூடிய சாளரமும் முடியாப் பணியும்

கதவைச் சாத்துதல் வேறு. வீட்டினுள்ளே நிகழும் வேலையை நிறுத்துதல் வேறு. உலகியலிலே இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வார் எவருமிலர். கணினித் துறையிலோ இவ்வேறுபாடு தெளிவுற உணரப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. அவ்வுணர்வு எவ்வாறு தோன்றி வளர்ந்ததென்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடசாலை அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டிறுதிப் பரீட்சைப் புள்ளிகள் யாவற்றையும் ஒரு கோப்பிலே எழுதி முடிக்குமாறு எழுதுவினைஞர் ஒருவர் கணினியை ஏவுகின்றார். பணி பின்னணியிலே நடைபெறுகின்றது. அது முடியுமுன்னரே அவர் சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கற்குறியை அழுத்திவிட்டு எழுந்து செல்கின்றார். அப்பொழுது நிகழக்கூடியவை நான்கு. பணி நடுவிலே அறுந்து போகலாம். சாளரம் மறைந்த பின்னும் பணி எவர் கண்ணுக்கும் புலப்படாது தொடரலாம். பணி முடியும்வரை மூடமாட்டேனெனச் சாளரம் பிடிவாதஞ் செய்யலாம். அன்றேல், மூடும் விருப்பத்தைப் பணிக்கு அறிவித்து, அது தக்கதோர் இடத்திலே நிற்கும்வரை பொறுத்திருந்து, பின்னர் மூடலாம். முதலாவது நிகழின் பாதிப் புள்ளிகளே கொண்ட கோப்பொன்று எஞ்சும். அது முழுமையானதென்று நம்பப்படுமாயின் மாணவர் பலர்க்குத் தீங்கு விளையும். இந்நான்கனுள் யாது முறை என்னும் வினாவிற்கு விடை தேடியதே இவ்வரலாறு.

சாளரந் தோன்றுமுன்

1950 களிலே கணினியைப் பயன்படுத்தியோர் அதன் முன் அமர்ந்தாரல்லர். துளையிட்ட அட்டைக் கட்டினை இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்று, பின்னர் வந்து அச்சிட்ட விடையைப் பெற்றனர். ஒப்படைத்தவர் அருகிலிருப்பினும் இல்லாதொழியினும் பணிக்கு வேறுபாடில்லை. ஆகவே மேற்கூறிய வினா அக்காலத்திலே எழவில்லை.

1961 நவம்பரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பேர்னாண்டோ கோர்பற்றோவும் அவர்தங் குழுவினரும் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். ஒரே கணினியைப் பலர் தத்தம் தட்டச்சு முனையங்களிலிருந்து ஒருங்கே பயன்படுத்த இம்முறை இடந்தந்தது. மனிதர் விடைக்குக் காத்திருக்கும் பணி முன்னணிப் பணியென்றும், எஞ்சிய நேரத்திலே நடக்கும் பணி பின்னணிப் பணியென்றும் அங்கே பாகுபாடு செய்யப்பட்டது. இன்று நாம் வழங்கும் ‘பின்னணி’ என்னுஞ் சொல்லின் பொருள் அங்கேதான் வேரூன்றியது.

இக்காலத்தே பிறந்த இன்னொரு சொல்லும் கருதத்தக்கது. 1963 அளவில் அதே நிறுவனத்தார், எவரும் ஏவாமலே கோப்புகளை நாடாவிற் படியெடுத்து வைக்கும் செய்நிரலுக்கு ‘டீமன்’ எனப் பெயரிட்டனர். பௌதிக அறிஞர் ஜேம்ஸ் கிளாக் மாக்ஸ்வெல் 1867 இல் கற்பனை செய்த, மூலக்கூறுகளைத் தரம் பிரிக்கும் சிறு பூதத்தை எண்ணியே இப்பெயர் இடப்பட்டதென்று கோர்பற்றோ பிற்காலத்திற் கூறியுள்ளார். முனையமும் முகமும் இன்றி வேலைசெய்யும் பணிக்கு இப்பெயர் இன்றும் நிலைத்துள்ளது.

தொலைபேசியை வைத்தலும் பணியை முடித்தலும்

1969 இல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிற்சியும் யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். தொலைவிலிருந்தோர் தொலைபேசி வழியாகவே அதனோடு இணைந்தனர். இணைப்பு அறுந்தவுடன், அம்முனையத்தைச் சார்ந்த பணிகளுக்கெல்லாம் ‘தொலைபேசி வைக்கப்பட்டது’ எனப் பொருள்படும் ‘ஹாங்கப்’ என்னுஞ் சைகை அனுப்பப்பட்டது. அதனைப் பெற்ற பணி, வேறு ஏற்பாடு செய்திராவிடின், அங்கேயே முடிவெய்தும்.

இவ்விதி கொடிதென்று தோன்றலாம். ஆயினும் அதற்குத் தக்க நியாயமுண்டு. உரிமையாளர் சென்ற பின்னும் பணி தொடருமாயின், அரிதாகிய கணினி நேரம் வீணாகும். அதனினும் பெருந்தீங்கு, அடுத்து அழைப்பவர் முன்னவரின் பணிக்குள்ளேயே நுழைந்துவிட நேர்தல். எனவே, முனையம் போனாற் பணியும் போகவேண்டும் என்பது பொதுவிதியாயிற்று.

பொதுவிதிக்குப் புறனடையும் வேண்டப்பட்டது. இரவு முழுவதும் நிகழவேண்டிய கணிப்பினை ஏவிவிட்டு வீடு செல்ல விரும்பியோர்க்காக 1970 களிலே ‘நோஹப்’ என்னும் கட்டளை தோன்றியது. இக்கட்டளையால் ஏவப்பட்ட பணி மேற்படி சைகையைப் பொருட்படுத்தாது. இங்கே நுணுகி நோக்கவேண்டியதொன்றுண்டு. திரையில் எழுதவேண்டிய விடையைத் திரையின்றி எங்கே எழுதுவது? அவ்விடை தனிக் கோப்பொன்றிற் சேர்க்கப்படுமாறு இக்கட்டளை அமைக்கப்பட்டது. பணியை முனையத்தினின்றும் பிரிப்பவன், அப்பணி தன் முடிவை எங்கே அறிவிப்பதென்பதையும் வகுத்தல் வேண்டும் என்னும் பாடம் இதனாற் பெறப்பட்டது.

1980 இல் வெளிவந்த நான்காம் பேர்க்கிலி யூனிக்ஸ் வெளியீட்டிலே, பில் ஜோய் ஆக்கிய கட்டளை ஓட்டினுள் பணிக்கட்டுப்பாடு என்னும் வசதி அமைந்திருந்தது. ஒஸ்திரியாவிலுள்ள ஆய்வு நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஜிம் கல்ப் இவ்வசதியைச் செய்தளித்தவர். பணியொன்றை இடையிலே நிறுத்தி வைத்தலும், பின்னணிக்கு அனுப்புதலும், மீட்டும் முன்னணிக்குக் கொணர்தலும் இதனால் இயல்வனவாயின. நிறுத்திவைத்த பணிகளை மறந்து ஒருவர் வெளியேற முற்பட்டால், அத்தகைய பணிகள் உளவென்று ஓடு அறிவிக்கும். உடனே மறுமுறையும் வெளியேறுமாறு பணிப்பாராயின் தடையின்றிக் கீழ்ப்படியும். ஒருமுறை எச்சரித்தல், மறுமுறை பணிதல் என்னும் இந்நாகரிகம் பிற்காலச் சாளரங்களுக்கு முன்மாதிரியென்னலாம்.

1987 இல் பேர்ளின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒலிவர் லௌமனும் கார்ஸ்ரன் போர்மனும் ‘ஸ்கிறீன்’ என்னும் செய்நிரலை இயற்றினர். பணி மெய்யான முனையத்தை விடுத்து, கணினியினுள்ளே வாழும் போலி முனையமொன்றைச் சார்ந்திருக்குமாறு அவர்கள் செய்தனர். மெய்யான முனையம் அறுந்தாலும் பணி நிலைக்கும். உரியவர் மறுநாள் வேறிடத்திலிருந்து வந்து விட்ட இடத்திலே தொடரலாம். 2007 இல் நிக்கலஸ் மரியற் தொடங்கிய ‘ரீமக்ஸ்’ இவ்வழியிலே வந்ததேயாகும்.

சாளரத்தின் வருகை

1968 டிசம்பர் 9 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலே டக்லஸ் எங்கெல்பாட் சுட்டியையும் பகுக்கப்பட்ட திரையையும் அவையோர்க்குக் காட்டினார். 1973 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்திலே அல்ரோ என்னும் கணினி பிறந்தது. 1981 இல் அந்நிறுவனத்தின் ஸ்ரார், 1984 சனவரியில் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ், 1985 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வின்டோஸ் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சாளரம் பொதுமக்கள் கைக்கு எட்டியது.

மக்கின்ரோஷை ஆக்கியோர் தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டினைக் கடைப்பிடித்தனர். சாளரத்தை மூடுதல் ஒரு செயல்; செய்நிரலை விட்டு விலகுதல் பிறிதொரு செயல். கடைசிச் சாளரம் மூடப்பட்ட பின்னும் செய்நிரல் உயிரோடிருக்கும். வின்டோஸ் உலகிலோ முதன்மைச் சாளரத்தை மூடுதலே செய்நிரலை முடித்தலாகப் பெரும்பாலும் கொள்ளப்பட்டது. ஆயினும் அதன் உள்ளமைப்பை நோக்குவார்க்கு அங்கும் மூன்று படிகள் புலனாகும். முதற்படி, ‘மூடுக’ என்னும் வேண்டுகோட் செய்தி. இரண்டாவது, ‘சாளரம் அழிக்கப்படுகின்றது’ என்னும் அறிவித்தல். மூன்றாவது, ‘செய்திகளை எதிர்நோக்குதலை நிறுத்துக’ என்னும் இறுதிச் செய்தி. முதற்படியிலே செய்நிரல் மறுக்கலாம், பயனரை வினாவலாம். இரண்டாவதிலே மறுப்பதற்கு இடமில்லை. மூன்றாவதனை அனுப்ப மறந்த செய்நிரல்கள், சாளரம் போன பின்னும் உருவமின்றி நினைவகத்திலே தங்கிவிட்டன.

மசாசூசெட்ஸ் நிறுவனத்திலே றொபேட் ஷைப்லரும் ஜிம் கெற்றிஸும் 1984 இல் தொடங்கிய எக்ஸ் சாளர முறைமை இதனை இன்னும் வெளிப்படையாக்கியது. அங்கே சாளரங்களுக்குச் சட்டமிட்டு மூடும் பொத்தான் அமைப்பது சாளர முகாமையாளர் என்னும் தனிச் செய்நிரல். உள்ளே நடக்கும் பணியை அது அறியாது. எனவே 1980 களின் பிற்பகுதியிலே ஓர் உடன்பாடு வகுக்கப்பட்டது. பயனர் மூடும் பொத்தானை அழுத்தின், முகாமையாளர் ‘டபிள்யூஎம் டிலீட் விண்டோ’ என்னுஞ் செய்தியை மாத்திரம் அனுப்பும். அழிப்பதா, வினாவுவதா, காத்திருப்பதா என்பதைச் செய்நிரலே முடிவு செய்யும். இவ்வுடன்பாட்டில் இணையாத செய்நிரலின் தொடர்பை முகாமையாளர் வலிந்து அறுத்துவிடலாம். மூடுதல் என்பது வேண்டுகோளே என்னுங் கொள்கை இங்கே எழுத்திலே நிலைபெற்றது.

இழைகளும் அவற்றை அறுத்தலும்

1992 இல் வந்த 3.1 ஆம் பதிப்புவரை வின்டோஸ் முறைமையிலே ஒரு செய்நிரல் தானாக இடங்கொடுத்தாலன்றி மற்றொன்று இயங்க இயலாது. நீண்ட பணி நிகழுங்கால் சாளரம் உறைந்து நிற்கும். மணற்கடிகாரக் குறியைப் பார்த்திருப்பதன்றிப் பயனர்க்கு வேறு வழியில்லை. 1993 இல் வந்த வின்டோஸ் என்ரி, 1995 இல் வந்த வின்டோஸ் 95 என்பன ஒரே செய்நிரலுக்குள் பல இழைகள் ஒருங்கே ஓட வழிசெய்தன. ஓரிழை சாளரத்தைக் கவனிக்க, மற்றோரிழை பின்னணியிலே பணி செய்யும். உறைதல் நீங்கியது, அதன் விளைவாக வேறொரு சிக்கல் தோன்றியது. இப்பொழுது மூடும் பொத்தான் பணியின் நடுவிலும் வேலைசெய்யும். முன்பு உறைந்த சாளரமே அறியாமற் காத்து வந்ததை இனிச் செய்நிரலாளர் அறிந்து காக்கவேண்டியதாயிற்று.

இழையை வலிந்து நிறுத்துதல் எளிய வழியென்று பலர் எண்ணினர். வின்டோஸ் அதற்கெனக் கட்டளையொன்றை வைத்திருந்தது. ஜாவா மொழியும் வைத்திருந்தது. பொது அலுமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்து எழுதிக்கொண்டிருக்கும் வினைஞரை அந்தக் கணமே நாடு கடத்துவதற்கு இஃது ஒப்பாகும். வின்டோஸ் கட்டளையிலே அவர் அலுமாரிச் சாவியையும் கொண்டு போய்விடுவார். சாவிக்குக் காத்திருப்போர் என்றுங் காத்திருப்பர். ஜாவாவிலோ சாவி திருப்பியளிக்கப்படும். ஆயின், பாதியெழுதிய பதிவேட்டை அடுத்தவர் முழுமையானதென நம்பி வாசிப்பர். 1998 இல் வந்த 1.2 ஆம் பதிப்பிலே ஜாவாவின் ஆக்குநர் அக்கட்டளையைப் பயன்படுத்தற்கொவ்வாததென அறிவித்தனர். 2023 இல் வந்த 20 ஆம் பதிப்பிலே அது முற்றாகச் செயலிழக்கச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து ஒரு பணியைத் தீங்கின்றி அறுக்க இயலாதென்பதும், நிற்குமாறு வேண்ட மாத்திரமே இயலுமென்பதும் நெடுங்கால அனுபவத்தாற் பெறப்பட்ட முடிபுகளாகும்.

வேண்டுகோள் முறை

2005 இல் மைக்ரோசொப்ட் தன் டொட்நெற் மேடையின் இரண்டாம் பதிப்பிலே பின்னணிப் பணியாளன் என்னும் உறுப்பொன்றைச் சேர்த்தது. அதன் ‘கைவிடுக’ என்னும் கட்டளை பணியை நிறுத்துவதில்லை. கொடியொன்றை உயர்த்துவதோடு அமையும். பணியே இடையிடையே கொடியை நோக்கித் தானாக நிற்கவேண்டும். 2010 இல் வந்த நான்காம் பதிப்பு இக்கொடியைத் தனிப் பொருளாக்கி எல்லாப் பணிகளுக்கும் பொதுவாக்கியது.

இக்கருவிகளைக்கொண்டு அமைக்கப்படும் முறை வருமாறு: மூடும் வேண்டுகோள் வந்தவுடன், பணி நடைபெறுமாயின், மூடுதலைத் தற்காலிகமாக மறுத்துக் கொடியை உயர்த்துக. நிறுத்தப்படுகின்றதென்பதைச் சாளரத்திலே காட்டுக. பணி, ஒரு பதிவை எழுதி முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் கொடியைக் கண்டு, திறந்த கோப்பை மூடி, தான் முடிந்தமையை அறிவிக்கட்டும். அவ்வறிவித்தல் கிடைத்த பின்னரே சாளரம் மெய்யாக மூடப்படுக.

இங்கே பலரை வீழ்த்திய படுகுழியொன்றுண்டு. மூடும் வேண்டுகோளைப் பெற்ற சாளர இழை, பணி முடியும்வரை அசையாது காத்திருப்பின் யாது நிகழும்? பணி, தன் முன்னேற்றத்தைத் திரையிற் காட்டுமாறு சாளர இழையை வேண்டி விடைக்குக் காத்திருக்கலாம். அவ்வேளை இரண்டும் ஒன்றையொன்று எதிர்நோக்கி என்றும் நின்றுவிடும். காத்திருத்தல் வேண்டும், ஆயின், செய்திகளைக் கேட்டுக்கொண்டே காத்திருத்தல் வேண்டும்.

வேண்டுகோளை மறுக்கும் உரிமையைச் செய்நிரல்கள் தவறாகவும் பயன்படுத்தின. இணைய உலாவியிலே பக்கத்தை விட்டு நீங்குமுன் எச்சரிக்கும் வசதி, எழுதியது இழக்கப்படாமற் காக்கும் நோக்கத்தோடு அமைந்தது. சில தளத்தார் வருகைதந்தோரை மிரட்டித் தடுத்து வைக்கவும் அதனைக் கையாண்டனர். ஆகலின் 2011 இல் பயர்பொக்ஸும் 2016 இல் குரோமும் தளத்தாரின் சொந்த வாசகங்களைக் காட்டுதலை நிறுத்தின; பொதுவான எச்சரிக்கையொன்றே இப்பொழுது காட்டப்படும். மூட விரும்புவோனின் உரிமையும் மெய்யான உரிமையே.

இவ்விரு உரிமைகளையும் இணக்குவதற்கு முயன்றோர் பலர். 2007 இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த வின்டோஸ் விஸ்ரா, கணினியை நிறுத்தவொட்டாது தடுக்குஞ் செய்நிரல் தன் காரணத்தை எழுத்திலே தருமாறு கேட்டது. அக்காரணம் பயனர்க்குக் காட்டப்படும். இறுதி முடிவு அவருடையது. 2009 இல் அப்பிள் நிறுவனம் மறுதலையான வழியொன்றை வகுத்தது. ‘இக்கணம் என்னை அறுப்பினும் தீங்கில்லை’ என்று செய்நிரல் முன்கூட்டியே உடன்படும். தீங்கு விளையக்கூடிய சிறுபொழுதிலே மாத்திரம் அவ்வுடன்பாட்டை மீளப்பெறும். கைப்பேசியிலே இவ்விணக்கம் மேலும் இறுக்கமாயிற்று. 2008 இல் வந்த அன்ட்ரொயிட், நினைவகம் போதாதவிடத்துப் பின்னணிச் செய்நிரல்களை அகற்றும் உரிமையைத் தானே வைத்துக்கொண்டது. 2010 இல் ஐபோனின் நான்காம் முறைமை, திரையை விட்டு நீங்கிய செய்நிரலுக்கு எடுத்த பணியை முடிக்கக் குறித்த அவகாசம் தந்து, அது கடந்தபின் நிறுத்தியது.

முன்னறிவித்தலின்றி வரும் முடிவு

வேண்டுகோள் முறை எத்துணைச் சிறப்புடையதாயினும், வேண்டாமலே வரும் முடிவிற்கு அது காப்பாகாது. 2022 இல் நாளொன்றிற் பல மணி நேர மின்வெட்டைக் கண்ட நம் நாட்டவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மின்சாரம் கொடியை உயர்த்திக் காத்திருப்பதன்று.

இதற்குரிய விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1970 களிலே ஐபிஎம் நிறுவனத்திற் பணியாற்றிய ஜிம் கிறே முதலியோர் தரவுத்தளங்களுக்கென, முழுமையாக நிகழ்தல் அன்றேல் சிறிதும் நிகழாதொழிதல் என்னுங் கொள்கையை வளர்த்தனர். 1983 இல் தியோ ஹேடரும் அந்திரேயாஸ் றொய்ரரும் இத்தகைய பரிமாற்றத்தின் நான்கு பண்புகளுக்குத் தொகைப்பெயரிட்டனர். தனிச் செய்நிரலாளரும் இக்கொள்கையை எளிதிற் கைக்கொள்ளலாம். புதிய கோப்பைப் பழையதன்மேல் எழுதாது, வேறு பெயரிலே முற்றாக எழுதிச் சேமித்த பின்னர்ப் பழைய பெயருக்கு மாற்றுதல் அம்முறை. இடையில் எது நேரினும் பழைய கோப்பேனும் புதிய கோப்பேனும் முழுமையாக எஞ்சும். 2003 இல் ஜோர்ஜ் கண்டியாவும் அர்மாண்டோ பொக்ஸும் இதனை எல்லைவரை கொண்டு சென்றனர். ஒழுங்காக மூடுதல் என்றொன்றே வேண்டாவென்றும், திடீர் முடிவையே ஒரே முடிவாகக் கொண்டு செய்நிரலை அமைக்கவேண்டுமென்றும் அவர்கள் வாதிட்டனர்.

முடிபு

இவ்வரலாற்றினைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று நிலைகள் தெளிவாகின்றன. முனையம் போனாற் பணியும் போகும் என்பது முதனிலை. பணியைப் பிரித்துத் தனியே வாழவிடுதல் இரண்டாம் நிலை. அறிவித்து, அவகாசந்தந்து, இறுதியுரிமையைப் பயனரிடமே விடுதல் மூன்றாம் நிலை. பின்னிலை வந்தமையால் முன்னிலை அழிந்துவிடவில்லை. மூன்றும் இன்றும் வழக்கிலுள்ளன. எப்பணிக்கு எது பொருந்துமென்பதைத் தேர்வதே செய்நிரலாளர் கடமையாகும். அத்தேர்வு பணியைத் தொடங்கும்பொழுதே செய்யப்படவேண்டுவது. மூடும் பொத்தான் அழுத்தப்பட்ட பின்னர்ச் சிந்திப்பதற்கு நேரமிராது.

நம் மாணவர் பைதன் மொழியைப் பயில்கின்றனர். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் றொசம் 1991 இல் வெளியிட்ட அம்மொழியிலே இவ்வரலாறு முழுவதும் சுருங்கிக் கிடக்கின்றது. ‘ரிகின்ரர்’ துணைகொண்டு சாளரம் அமைப்போர், மூடும் வேண்டுகோளைக் கையாள எழுதும் பெயர் ‘டபிள்யூஎம் டிலீட் விண்டோ’. எக்ஸ் முறைமையின் அப்பழைய பெயரே அது. இழையொன்றைத் தொடங்குங்கால் அதற்கு ‘டீமன்’ என்னும் பண்பைக் கொடுக்கலாம். கோர்பற்றோவின் குழுவினர் இட்ட பெயரே அது. அப்பண்பைக் கொடுத்தால், முதன்மை இழை முடிந்ததும் பணி திடீரென அறுக்கப்படும். திறந்த கோப்பு திறந்தபடியே கைவிடப்படலாம். கொடாதொழிந்தால், சாளரம் மறைந்த பின்னும் பணி தொடரும், செய்நிரல் முடியாது. பலர் முன்னதை, செய்நிரல் முடியாத தொல்லையை நீக்கும் மருந்தென எண்ணிப் பொருளுணராது எழுதிவிடுகின்றனர். புள்ளிகளை எழுதும் பணிக்கு அது தகாது. நேரத்தைத் திரையிற் காட்டும் பணிக்குத் தகும்.

ஆகவே, பைதனில் இழையொன்றை எழுதும் மாணவர், அதன் முதல் வரியை எழுதுமுன்னரே மூன்று வினாக்களுக்கு விடை வகுத்துக்கொள்க. மூடும் வேண்டுகோள் வரும்பொழுது இப்பணி எங்கே நிற்கும்? அதுவரை எவ்வளவு நேரம் காத்திருப்பது? வேண்டுகோளின்றியே முடிவு வரின் எஞ்சுவது யாது? இவற்றிற்கு விடையிறுத்த செய்நிரலிலே, எழுதுவினைஞர் பெருக்கற்குறியை எக்கணத்தில் அழுத்தினும் மாணவரின் புள்ளிகள் வழுவின்றி நிலைக்கும்.